மேப்பிள் சாறு குறைந்த வருஷத்தில் வாளியைக் குறை சொல்லலாமா?

கேள்வி இதுதான். ஒன்ராறியோவில் லின்ட்சேக்குப் பக்கத்தில் வாங்கிய காணியில் 25 வாளி தொங்கவிட்டிருக்கிறீர்கள். 19 சீனி மேப்பிள், 6 சிவப்பு மேப்பிள். போன வருஷம் 1,000 லீற்றர் சாறு, காய்ச்சி இறக்கியபோது 24 லீற்றர் பாணி. இந்த வருஷம் 450 லீற்றர் சாறு, 9 லீற்றர் பாணி. பக்கத்துக் காணிக்காரர் குழாய் இழுத்து வெற்றிட பம்பு வைத்திருக்கிறார். வழக்கமாகத் துளைக்கு ஒன்றரை லீற்றர் பாணி எடுப்பவருக்கு இந்த மோசமான பருவத்திலும் 0.9 லீற்றர் கிடைத்திருக்கிறது. வாசலில் நிற்கும் உங்கள் இரண்டு பெரிய மரங்களோ எல்லாவற்றையும் விடக் குறைவாகத் தந்தன. "கருவிதான் பிழையா, நானும் பம்பு வாங்கவா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பம்பு வாங்காதீர்கள். 25 துளைக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. ஆனால் கருவியில் பிழை இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பிழை இருக்கிறது, நீங்கள் பார்க்கிற இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மேப்பிள்காரர்கள் கையில் 86 என்ற எண் எப்போதும் இருக்கும். அமெரிக்காவின் வேர்மண்டில் ஜோன்ஸ் என்றொருவர் போட்டுக்கொடுத்த விதி அது. சாற்றில் எத்தனை சதவீதம் சீனி இருக்கிறதோ, அதால் 86ஐ வகுத்தால் ஒரு லீற்றர் பாணிக்கு எத்தனை லீற்றர் சாறு வேண்டும் என்று தெரிந்துவிடும். இரண்டு சதவீதம் என்றால் 43. உங்கள் எண்களை வைத்துத் தலைகீழாகப் போட்டால், போன வருஷம் சாற்றில் சீனி 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், இந்த வருஷம் 1.7 அளவு. சீனி குறையாமல் இருந்திருந்தால் அதே 450 லீற்றரில் 10.8 லீற்றர் பாணி வந்திருக்கும். ஆக, சீனி குறைந்ததால் போனது 2 லீற்றருக்கும் கீழே. மீதி 13 லீற்றரும் சாறு குறைந்ததால் போனது.

இப்போது அயலவரோடு ஒப்பிடுங்கள். அவருக்கு 40 சதவீதம் விழுந்திருக்கிறது, உங்களுக்கு 62. அதே வானம், அதே வெயில். நீங்களும் 40 சதவீதம் மட்டும் விழுந்திருந்தால் 14 லீற்றருக்கு மேல் இறக்கியிருப்பீர்கள். அந்த 40ஐப் பருவத்தின் தலையில் போடலாம். கிடைத்திருக்க வேண்டிய 5 லீற்றர் எங்கே போனது என்பதைத்தான் தேட வேண்டும்.

மரம் ஏன் ஓடுகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக முடியாது. இரவில் மரம் உறையும்போது தண்டுக்குள் காற்று அடைத்துக் கிடக்கும் நார்களில் பனி படிகிறது, உள்ளே அழுத்தம் வெளிக்காற்றை விடக் கீழே போகிறது, வேர் மண்ணிலிருந்து நீரை இழுத்துக்கொள்கிறது. பகலில் உருகும்போது நசுங்கிக் கிடந்த வாயு விரிந்து அந்த நீரைத் தள்ளுகிறது. துளை இருந்தால் சாறு வெளியே வரும். இரவில் கழித்தல் ஐந்து, பகலில் கூட்டல் ஐந்து என்று எல்லோரும் சொல்வது இதனால்தான். இரவு உறையவில்லை என்றால் மறுநாளும் கொஞ்சம் ஓடும், அதற்கு மறுநாள் சொட்டும், பிறகு நின்றுவிடும். மரத்துக்குள் சாறு தீர்ந்துபோனதால் நிற்பதில்லை. தள்ள ஆள் இல்லை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஆறு கிழமைப் பருவம் என்கிறோமே, அதில் உண்மையாக ஓடுகிற நாள்கள் கைவிரல்களை அதிகம் தாண்டாது. நல்ல ஓட்டமுள்ள ஒரு நாளில் ஒரு துளை 4 முதல் 8 லீற்றர் வரை தரும். வாளியில் ஒரு துளைக்குப் பருவம் முழுவதும் 40 லீற்றர் சாறு, அதாவது ஒரு லீற்றர் பாணி என்பதுதான் ஒன்ராறியோவில் சொல்லும் பொதுக்கணக்கு. வகுத்துப் பாருங்கள், ஐந்து முதல் பத்து நல்ல நாளின் விளைச்சல் அது. அதில் நாலு நாள் போனால் பாதி போயிற்று. மோசமான பருவம் என்பது மரம் தினமும் குறைவாகத் தருவது என்று நினைக்காதீர்கள். நல்ல நாள்கள் எண்ணிக்கையில் குறைந்துபோவதுதான் மோசமான பருவம். அதனால் அப்படிப்பட்ட வருஷத்தில் கிடைக்கிற ஒவ்வொரு நல்ல நாளையும் சிந்தாமல் பிடித்தாக வேண்டும்.

நீங்கள் சிந்திவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி: "இரண்டு தடவை போனபோது வாளி விளிம்புவரை நிரம்பியிருந்தது." உங்கள் வீடு ஸ்காபரோவில், காணிக்குப் போவது சனி ஞாயிறும் இடையில் ஒரு நாளும். மரத்தில் தொங்கும் அலுமினிய வாளி எட்டு லீற்றர் சொச்சம்தான் கொள்ளும். நல்ல ஓட்டம் இரண்டு நாள் தொடர்ந்தால் முதல் நாளிலோ மறுநாள் மதியத்திலோ நிரம்பிவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் மரத்தடிப் பனிக்கு. நீங்கள் விளிம்புவரை கண்ட அந்த இரண்டு தடவையும் எவ்வளவு வழிந்தது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் 25 வாளியில் தலைக்கு 5 லீற்றர் வழிந்திருந்தாலே ஒரு தடவைக்கு 125 லீற்றர். இரண்டு தடவைக்கு 250. உங்கள் காணாமல் போன 5 லீற்றர் பாணியில் பெரும்பங்கு அநேகமாக இதுதான். நல்ல வருஷத்தில் இது உறைக்காது, அடுத்த ஓட்டம் வந்து ஈடுகட்டிவிடும். ஓடுவதே ஐந்தாறு நாள் என்னும்போது வழிந்தது வழிந்ததுதான்.

ஆகவே முதல் கருவி மாற்றம் மலிவானது. மரத்தில் தொங்கும் வாளியை விட்டுவிட்டு, ஸ்பைலிலிருந்து (துளைக்குள் அடித்து இறுக்கும் சின்னக் குழல்) ஒரு மீற்றர் நீளக் குழாயைக் கீழே இறக்கி, மூடியுள்ள 20 லீற்றர் உணவுத்தர பிளாஸ்டிக் வாளிக்குள் விடுங்கள். மூடியில் குழாய் நுழையும் அளவுக்கு மட்டும் ஓட்டை. மழை விழாது, அந்துப்பூச்சி விழாது, காற்றில் கவிழாது. நிழல் பக்கம் வைத்து, சுற்றிப் பனியை அள்ளிக் குவித்துவிட்டால் சாறும் குளிர்ச்சியாகக் கிடக்கும். அலுமினிய வாளிகள் அழகுதான், புகைப்படத்துக்கு ஒன்றிரண்டைத் தொங்கவிடுங்கள். (அதையும் விடப் பழைய, ஈயப்பற்று வைத்த தகர வாளி எவராவது விற்க வந்தால் பூச்செடி நடுவதற்கு மட்டும் வாங்குங்கள்.)

அடுத்தது துளை. இதில்தான் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேச விரும்புகிறேன்.

ஊரில் பனையில் பாளை சீவுவதைப் பார்த்திருப்பீர்கள். சீவல் தொழிலாளி காலையும் மாலையும் ஏறி, ஒவ்வொரு முறையும் பாளையில் ஒரு மெல்லிய சீவல் எடுப்பார். வெட்டுமுகம் புதிதாக இருந்தால்தான் பதநீர் சுரக்கும். மேப்பிளில் அந்த வசதி கிடையாது. வருஷத்துக்கு ஒரே ஒரு வெட்டு. அந்த ஒரு துளை ஆறு கிழமை தாக்குப்பிடிக்க வேண்டும். மரமோ அதைக் காயமாகத்தான் பார்க்கிறது, அடைக்கப் பார்க்கிறது. கூடவே பற்றீரியா. துளைக்குள் நுண்ணுயிர் பெருகப் பெருக மரம் தன் நாளங்களை இன்னும் வேகமாக மூடுகிறது. குளிர் இருக்கும்வரை இது மெல்ல நடக்கும். 15 பாகை வெயில் நாலு நாள் அடித்தால் கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும்.

உங்கள் காணியில் நடந்ததும் இதுவே. பெப்ரவரி 10 அளவில் துளைத்திருக்கிறீர்கள். அந்த மாதத்தில் இரண்டு ஓட்டம். பிறகு கடும் குளிர். மார்ச் இரண்டாம் கிழமை ஏழு இரவு உறையாமல் வெயில் வேறு. மாதக் கடைசியில் குளிர் திரும்பியபோது அயலவர் குழாயில் சாறு ஓடியது, உங்கள் வாளி காய்ந்து கிடந்தது. மரம் ஓடத் தயார்தான், துளை செத்துவிட்டது.

அவர் துளை ஏன் சாகவில்லை? வெற்றிடம் ஒரு பகுதி. இன்னொரு பகுதி, அவர் ஒவ்வொரு வருஷமும் புது பிளாஸ்டிக் ஸ்பைல் போடுகிறார். நீங்கள் பழைய இரும்பு ஸ்பைலை மூன்றாவது வருஷமாகப் போடுகிறீர்கள், அதுவும் 7/16 அங்குல ரகம். போன வருஷத்துப் பற்றீரியாவைப் பத்திரமாக எடுத்துவைத்து இந்த வருஷம் மரத்துக்குள் நட்டிருக்கிறீர்கள். கொதிக்கவைத்தீர்களா என்று எழுதவில்லை. எழுதாததால் கழுவி வெயிலில் காயவைத்ததோடு சரி என்று எடுத்துக்கொள்கிறேன். வேர்மண்ட் அண்டர்ஹில்லில் இருக்கும் புரொக்டர் மேப்பிள் ஆய்வு நிலையத்தார் வருஷக்கணக்காகச் சொல்லிவருவதும் இதையே. கூடுதல் சாறுக்கு மிக மலிவான வழி, துளையைத் தொடுகிற அந்தச் சின்னத் துண்டை வருஷாவருஷம் மாற்றுவது. ஒரு ஸ்பைல் ஒரு டொலர்கூட வராது. 25க்கு எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். 5/16 ரகம் வாங்குங்கள். துளை சிறியது, காயம் சிறியது, சாறு குறைந்துவிடும் என்ற பயம் தேவையில்லை.

துளைக்கும் விதம். கூரான துளைப்பான், கையில் ஆட்டம் இல்லாமல் ஒரே போக்கில் உள்ளே, ஒரே போக்கில் வெளியே. ஆழம் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம். உள்முனை மெல்ல உயர்ந்து வாய் தாழ்ந்து இருக்கட்டும், சாறு தேங்காது. வாயால் ஊதித் தூள் எடுக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், வாயில் இருக்கும் கிருமி போதும். மரம் உறைந்து கிடக்கும் நாளில் ஸ்பைலை அடிக்க வேண்டாம், மரம் வெடிக்கும். அடிக்கும்போது காதைக் கொடுங்கள். முதலில் தட்டும் சத்தம் வெறுமையாக இருக்கும், இறுகியதும் சத்தம் தடித்துவிடும். அங்கே நிறுத்துங்கள். இன்னும் இரண்டு அடி சேர்த்து அடித்தால் மேலும் கீழுமாக முடிபோல ஒரு கீறல் விழும். பிறகு பட்டை வழியே சாறு ஒழுகுவதை ஏப்ரல்வரை பார்த்துக்கொண்டிருக்கலாம்.

துளைப்பான் வெளியே வரும்போது அதில் சுற்றிவரும் துருவலை உள்ளங்கையில் ஏந்திப் பாருங்கள். புதுத் தேங்காய்ப்பூ மாதிரி வெள்ளையாக, ஈரமாக, சுருள்சுருளாக வந்தால் நல்ல உயிருள்ள மரம். தேயிலைத் தூள் மாதிரி கபிலமாக, உலர்ந்து உதிர்ந்தால் நீங்கள் செத்த மரத்தில் துளைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு பழைய துளைக்கும் மேலும் கீழுமாக மரத்துக்குள் நீளமான ஒரு செத்த கபிலப் பட்டை உண்டாகும். வெளியே காயம் ஆறி மூடியிருக்கும், ஒன்றும் தெரியாது. அந்தப் பட்டைக்குள் எந்த ஸ்பைலைப் போட்டாலும், எந்த பம்பைப் பூட்டினாலும் சாறு வராது. நான் தொடங்கிய முதல் மூன்று வருஷமும் இது தெரியாமல், எட்டுவதற்கு வசதியான இடுப்புயரத்தில், வீட்டைப் பார்த்த பக்கத்திலேயே துளைத்துக்கொண்டிருந்தேன். நாலாம் வருஷம் மரம் பாதியாகத் தந்தது. மரத்தைத்தான் திட்டினேன்.

உங்கள் வாசல் மரங்கள் இரண்டையும் பற்றி எனக்கு இதே சந்தேகம். பெரிய மரம், தனியாக வெளிச்சத்தில் நிற்கிறது, விரிந்த கவிகை. அப்படிப்பட்ட மரம் காட்டுக்குள் நெருக்கத்தில் நிற்பதை விடச் சாறும் கூடத் தரும், இனிப்பும் கூட இருக்கும். அதுவே குறைவாக ஓடினால் முன்னைய காணிக்காரர் அதை அரை நூற்றாண்டாகத் துளைத்திருக்கக்கூடும். வாசலில் நிற்கும் பெரிய மரத்தை யார் விடுவார்?

இனி வெற்றிடம். அயலவர் பம்பு என்ன செய்கிறது என்றால், மரத்துக்கு வெளியே அழுத்தத்தைக் குறைக்கிறது. மரம் தள்ளாத நேரத்திலும் உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் இருப்பதால் சாறு வருகிறது. நல்ல பம்பு 25 பாதரச அங்குலம்வரை (வெற்றிடத்தை அளக்கும் அலகு அது) இழுக்கும். ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஐந்து முதல் ஏழு சதவீதம் சாறு கூடும் என்பது கணக்கு. இரவு சரியாக உறையாத, அரைகுறையாக உருகுகிற நாள்களில் வாளிக்காரர் வெறும் வாளியைப் பார்த்துக்கொண்டிருக்க, இவருக்கு ஓடிக்கொண்டிருக்கும். மோசமான பருவத்தில் வாளிக்கும் பம்புக்கும் இடைவெளி கூடுவதன் காரணம் இதுவே. சாற்றின் இனிப்பை வெற்றிடம் கெடுப்பதில்லை.

அதற்காக பம்பு இருந்தால் மோசமான பருவமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கியூபெக்கைப் பாருங்கள், உலகத்து மேப்பிள் பாணியில் பத்தில் ஏழு பங்கு அங்கேதான். பெரும்பாலும் குழாயும் பம்பும் கணினிக் கண்காணிப்பும். 2021இல் 133 மில்லியன் இறாத்தல், 2022இல் 211, 2023இல் 124, 2024இல் 239. ஒரு வருஷம் சாதனை, மறு வருஷம் பாதிக்குக் கிட்ட வீழ்ச்சி. 2022க்கும் 2023க்கும் இடையில் விழுந்தது 41 சதவீதம், உங்கள் அயலவருக்கு விழுந்த அதே அளவு. இந்த ஆட்டத்தைச் சமாளிக்கத்தான் அங்கே உற்பத்தியாளர் அமைப்பு பீப்பாய் பீப்பாயாகப் பாணியைச் சேமித்துவைக்கிறது. 2021இல் அதிலிருந்து 50 மில்லியன் இறாத்தல் அளவு சந்தைக்கு எடுத்துவிட்டார்கள். 2012 மார்ச்சை இங்கே பலர் மறந்திருக்க மாட்டார்கள். 20 பாகையைத் தாண்டிய வெயில் நாள்கணக்கில் நின்றது. வேர்மண்டில் அதற்கு முதல் வருஷம் 11 லட்சம் கலனுக்கு மேல் எடுத்தவர்கள் அந்த வருஷம் 7.5 லட்சத்தோடு நிறுத்தினார்கள். இத்தனை கருவியும் கையில் வைத்துக்கொண்டுதான்.

பம்பு, சாறைப் பிரித்துவிடும் பெட்டி, கம்பி கட்டி இழுக்கும் பெரிய குழாய், மின்சாரம் எல்லாம் சேர்ந்து ஆயிரக்கணக்கில் வரும். அதை விட, அது பூட்டிவிட்டு ஸ்காபரோவுக்குப் போகிற சாமான் இல்லை. அணில் ஒரு இடத்தில் கடித்தால் போதும், அந்த வரிசை முழுவதும் உறிஞ்சல் போய்விடும். நடந்து நடந்து காது வைத்து 'ஸ்ஸ்' என்ற சத்தத்தைத் தேட வேண்டும். அயலவர் தினமும் காட்டுக்குள் நடக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் விளைச்சலில் பாதி பம்புக்கு, பாதி அந்த நடைக்கு.

ஆனால் உங்கள் காணியில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. மரங்கள் நிற்கும் மேட்டிலிருந்து ஓடைவரை ஆறு மீற்றர் சரிவு என்றீர்கள். மின்சாரம் இல்லாமலே வெற்றிடம் தரும் காணி அது. 3/16 அங்குலக் குழாய் என்று கேளுங்கள். வழக்கமான 5/16 குழாயில் சாறு அடியில் வழிந்தோடும், மேலே காற்றுக்கு இடம் இருக்கும். இந்தச் சன்னக் குழாயில் சாறும் காற்றுக்குமிழியும் மாறி மாறி நிரம்பி நிற்கும், ஒன்றை ஒன்று தாண்ட முடியாது. அந்த நீர்த்தூண் தன் பாரத்தால் கீழே இறங்கும்போது மேலே உறிஞ்சுகிறது. ஒரு மீற்றர் சரிவுக்குக் கிட்டத்தட்ட மூன்று அங்குலம் வெற்றிடம். ஆறு மீற்றருக்கு மேல்முனையில் 17 அங்குலம்வரை. ஓடையோரத்தில் ஒரு பீப்பாயில் எல்லாம் வந்து விழும். வழிகிற கதையும் முடிந்தது, 25 வாளியைத் தூக்கிக்கொண்டு பனியில் நடப்பதும் முடிந்தது.

சில சங்கதிகளைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். உறிஞ்சல் மேலே நிற்கும் மரத்துக்குத்தான் அதிகம், அடியில் நிற்பதற்குக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. கடைசி மரத்துக்குக் கீழே எவ்வளவு சரிவு மிச்சம் இருக்கிறதோ அவ்வளவு நல்லது, பீப்பாயை முடிந்தவரை கீழே வையுங்கள். குழாய் நிரம்பி நிற்க ஒரு வரிசையில் ஓரளவு மரம் வேண்டும், பதினைந்து இருபது என்றால் அருமை. உங்கள் 19 சீனி மேப்பிளும் ஒரு வரிசைக்குச் சரி. குழாய் இறுக்கமாக, நேராக, எங்கேயும் தொய்யாமல், எப்போதும் கீழ்நோக்கி. அப்புறம், சன்னக் குழாயின் பெரிய குறை அடைப்பு. இணைப்புத் துண்டுகளுக்குள் வழுவழுவென்று பாசம் பிடித்து, இரண்டாம் மூன்றாம் வருஷம் விளைச்சல் விழத் தொடங்கும். ஸ்பைலையும் அதிலிருந்து இறங்கும் குட்டிக்குழாயையும் இணைப்பையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கழுவ வீட்டு வெளுப்பான் போடுவோர் உண்டு, ஆனால் அது விட்டுச்செல்லும் உப்புக்கு அணில் ஓடிவரும். நன்றாக அலசுங்கள்.

சிவப்பு மேப்பிள் ஆறையும் இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். அவற்றின் சாறு இனிப்புக் குறைவு, சீனி மேப்பிளுக்கு முன்பே மொட்டு வீங்கிவிடும். மொட்டு வீங்கிய மரத்தின் சாற்றைக் காய்ச்சினால் ஒரு மக்கிய வாடை வரும், ஒரு வாளி போதும், காய்ச்சும் தட்டு முழுவதையும் கெடுக்க. உங்கள் கடைசிக் காய்ச்சலில் "ஏதோ ஒரு மாதிரி மணம்" என்று எழுதியிருந்தீர்களே, இந்த ஆறு மரங்களில்தான் எனக்குச் சந்தேகம்.

சீனி 2.06இலிருந்து 1.7க்கு விழுந்ததற்குக் கருவி காரணமில்லை. சாற்றில் வரும் சீனி போன கோடையில் இலை செய்து வைத்தது. வறட்சி, கம்பளிப்பூச்சி, இப்படி எது இலையைத் தொட்டாலும் அடுத்த வசந்தத்தில் தெரியும். 2020, 2021 கோடைகளில் தென் ஒன்ராறியோவில் பூச்சி மொட்டையடித்த காடுகள் நினைவிருக்கும். மரம் விதை அள்ளிக் கொட்டிய வருஷத்துக்கு அடுத்த வசந்தமும் இனிப்புக் குறையும். பருவத்துக்குள்ளேயே தொடக்கத்தில் இனிப்புக் கூட, போகப் போகக் குறைவு.  சீனி பார்க்கும் கைக்கருவி ஒன்று, ரிஃப்ராக்டோமீட்டர், வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு சொட்டுப் பாருங்கள். ஒரே தோப்பில் 1.4ம் 3ம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எது எது என்று தெரிந்தால், வாளி குறைவாக இருந்தாலும் எந்த மரத்தில் மாட்டுவது என்ற குழப்பம் இல்லை.

சேர்த்துவைத்த சாறு பற்றியும் ஒரு வார்த்தை. பனையில் முட்டிக்குள் பூசும் சுண்ணாம்பு செய்கிற வேலையை இங்கே குளிர் செய்கிறது. குளிர் போனால் காவல் போயிற்று. ஒரு வருஷம் நான் 120 லீற்றரைக் கொட்டகைக்குப் பின்னால் பீப்பாயில் விட்டுவிட்டு, ஒரு மரணவீட்டுக்காக ரொறன்ரோ போய் மூன்று நாள் கழித்து வந்தேன். நடுவில் 14 பாகை வெயில். அகப்பையை விட்டுத் தூக்கினால் வெண்டிக்காய்க் குழம்பு மாதிரி நூல் நூலாக இழுத்தது. முழுவதையும் கொட்டினேன். நாலு பாகைக்கு மேல் போனால் அன்றைக்கே காய்ச்சுங்கள், முடியாவிட்டால் சேர்க்காதீர்கள். காலையில் வாளியில் மிதக்கும் பனிக்கட்டியை எடுத்து எறிந்துவிடலாம், அது பெரும்பாலும் வெறும் தண்ணீர். இந்த மண்ணின் ஆதிக்குடிகள் இரும்புப் பானை வருவதற்கு முன்பே சாற்றை இப்படி உறையவிட்டு இறுக்கியிருக்கிறார்கள். சீனி குறைந்த வருஷத்தில் இது எரிபொருளில் தெரியும். என் திறந்த அடுப்பில் 9 கிலோ எரிவாயுச் சிலிண்டர் ஒன்றுக்கு 70 லீற்றர் அளவு நீர்தான் ஆவியாகும். உங்கள் 450 லீற்றருக்கு ஆறு சிலிண்டர் போயிருக்கும். சாற்றிலிருந்து நீரைப் பிரித்தெடுக்கும் சின்ன எதிர்ச்சவ்வூடுபரவல் வடிகட்டி ஒன்று வைத்து இரண்டு சதவீதத்தை நாலாக்கினாலே அடுப்பு வேலை பாதி குறையும். வருஷாவருஷம் காய்ச்சுகிற எண்ணம் இருந்தால் பம்புக் காசை இதில் போடுங்கள்.

எப்போது துளைப்பது என்பதற்கு நாள்காட்டியைப் பார்க்காதீர்கள். ஆயிரக்கணக்கில் துளைப்பவர்கள் ஜனவரியில் தொடங்குவது வேலை முடிய நாளெடுக்கும் என்பதால். உங்களுக்கு 25 துளை ஒரு மதியத்து வேலை. பத்து நாள் வானிலையைப் பார்த்து, தொடர்ந்து ஓட்டம் வரும் என்று தெரிகிறபோது துளையுங்கள். புது ஸ்பைலோடு பெப்ரவரிக் கடைசியில் துளைத்திருந்தால் மார்ச் வெயிலை அந்தத் துளைகள் தாங்கியிருக்க வாய்ப்பு உண்டு. காய்ந்துவிட்டது என்று பக்கத்தில் இரண்டாவது துளை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் போட மாட்டேன். அடுத்த பத்து வருஷத்து இடத்தை இரண்டு வாளிச் சாற்றுக்கு விற்பது அது.

இந்தக் கிழமை செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஸ்பைல்களைப் பிடுங்குங்கள். துளையை மெழுகோ ஆப்போ வைத்து அடைக்காதீர்கள், மரம் தானே மூடும். ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும் மரம் குறிக்கும் சுண்ணக்கட்டியால் ஒரு புள்ளியும் வருஷமும். அடுத்த துளை அதற்கு நேர் மேலேயோ கீழேயோ வரக் கூடாது. பக்கவாட்டில் இரண்டு மூன்று விரல் அகலமாவது தள்ளி, ஒரு சாண் மேலேயோ கீழேயோ. மார்பளவு உயரத்தில் விட்டம் 10 அங்குலம் இல்லாத மரம் 25க்குள் ஏதாவது இருந்தால் விட்டுவிடுங்கள்.

வாசல் மரங்கள் இரண்டையும் சாயங்காலச் சரிவு வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். பட்டையில் தொப்புள் மாதிரிச் சின்னக் குழிவுகள் வரிசையாகத் தெரிந்தால் அவை பழைய துளைகள். எத்தனை, எந்தப் பக்கம், எந்த உயரம் என்று ஒரு தாளில் வரைந்து வையுங்கள். அடுத்த பெப்ரவரியில் ஒருவரும் தொடாத பக்கமாகப் பார்த்து, வேண்டுமானால் ஏணி வைத்து, துளைத்துவிட்டுத் துருவல் என்ன நிறத்தில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.